பயந்தது யார் என்று கேட்ட பையன்

1896 ஜூலை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குத் தெற்கே, சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடியறையில் தனியாக உட்கார்ந்திருந்தான் வேங்கடராமன். வயது 16. அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவன். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் இதோ சாகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று அவனைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயம் உடம்பை என்ன செய்யும் என்பது இன்று நமக்குத் தெரியும். மூளையில் பாதாம் பருப்பளவே உள்ள அமிக்டலா உசுப்பிவிட, அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பையே ஆபத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு பயம் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலில் சிக்கினால் யாரும் உதவி தேடித்தான் ஓடுவார்கள். வேங்கடராமன் ஓடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போல் படுத்தான். மூச்சை அடக்கினான், உதட்டை இறுக மூடினான். சாவது இந்த உடம்பு; அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் நான் யார் என்று உள்ளே திரும்பிப் பார்த்தான். மரண பயம் அன்றோடு அடியோடு போய்விட்டதாக, ரமண மகரிஷி ஆன பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது அவர் எழுதி வைத்த சீட்டு, எனக்கு அந்த மாடியறைச் சம்பவத்துக்கு நிகரான அதிசயம். 'நான்' என்று தொடங்குகிறது. சில வரிகளுக்குள் தன்னையே 'இது' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. முடிவில் 'இப்படிக்கு' உண்டு, கையெழுத்து இல்லை.

தன்னைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதால் மூளையில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் ஜேசன் மோசர், ஈதன் கிராஸ் முதலான உளவியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தேடியது. மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி, பார்ப்பவர்களை ஒருமுறை 'நான் என்ன உணர்கிறேன்' என்றும், இன்னொரு முறை தம் பெயரைச் சொல்லி 'இவர் என்ன உணர்கிறார்' என்றும் மனத்துக்குள் கேட்கச் சொன்னார்கள். பெயர் சொல்லிக் கேட்டபோது, உணர்ச்சிக் கொந்தளிப்பைக் காட்டும் மூளை மின்னலைகள் ஒரு விநாடிக்குள்ளாகவே தணிந்தன. இதற்காக மூளை பெரிதாகப் பிரயாசைப்பட்டதாகவும் தெரியவில்லை. கோபத்தைப் பல்லைக் கடித்து அடக்குகிறோமே, அந்தப் பாடு இதில் இல்லை.

மகரிஷி கண்டது ஒரு வாழ்நாளையே மாற்றிய தரிசனம். ஆய்வகம் அளந்தது சில விநாடி நிம்மதி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் திரும்பியிருக்கும் திசை ஒன்றுதான்.

அந்தத் திசையில்தான் மனம் திறக்கிறது என்பது என் கட்சி. உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் கிறிஸ்டின் பிரானிகனும் 2005-இல் மாணவர்களுக்குத் துண்டுப் படங்களைக் காட்டி, இப்போது என்னவெல்லாம் செய்யத் தோன்றுகிறது என்று எழுதச் சொன்னார்கள். மகிழ்ச்சியும் அமைதியும் தந்த படத்தைப் பார்த்தவர்களின் பட்டியல் நீண்டது. பயமோ கோபமோ மூண்டவர்களின் பட்டியல் சுருங்கியது. பயந்த மனத்துக்குக் கண்ணில் படுவது ஒரே வாசல்; பயம் தணிந்தால்தான் மற்ற வாசல்கள் தெரியும். ஆகவே மதிப்பெண் குறைந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'நல்லதையே நினை' என்று புத்தி சொல்லிப் பயனில்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று அதுவே கவனித்துச் சொல்லப் பொறுமையாக இடம்கொடுக்க வேண்டும். பயமோ கோபமோ தெரியும் முகப் படத்தைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னாலே, பார்ப்பவரின் அமிக்டலாவின் துடிப்பு குறைவதை மாத்யூ லீபர்மன் குழு 2007-இலேயே காட்டிவிட்டது.

அடுத்த முறை கோபமோ கலக்கமோ வந்தால், உங்கள் பெயரைச் சொல்லி உங்களையே விசாரித்துப் பாருங்கள். ஆனால் காரணமில்லாத பயம் அடிக்கடி வந்து தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், தனியாகப் போராட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.