உடலுக்காக ஆடை

நுழையும்முன்

உடலுக்கேற்ப ஆடை அமைவது இயல்பு. ஆடைக்கேற்ப உடலை வருத்திக்கொள்ளும் போக்கு இக்காலத்தில் பெருகிவருகிறது. விளம்பரத் திரையிலும் ஆடை அணிவகுப்பு மேடையிலும் தோன்றும் உடலமைப்பே அழகு என்னும் எண்ணம் இளையோரின் உணவையும் உள்ளத்தையும் பாதிக்கின்றது. அவ்வெண்ணம் எவ்வாறு உருவானது, உலக நாடுகள் அதனை எவ்வாறு எதிர்கொண்டன, நலமான உடல் என்பது யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அளவுச்சீட்டு இல்லாத ஆடை

திருத்தணிக்கு அருகில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஆர்.கே.பேட்டை. நெசவுத் தொழிலால் வாழும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் அது. தறியிலிருந்து அறுத்தெடுக்கப்படும் புடவை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். இன்ன அளவினருக்கு உரியது என்னும் அளவுச்சீட்டு மட்டும் அதில் இராது. மெலிந்தவர் உடுத்தினால் கொசுவம் கூடும். பருத்தவர் உடுத்தினால் கொசுவம் குறையும். தாய்க்கு வாங்கிய புடவையை மகளும் உடுத்தலாம். நான்கு முழ வேட்டிக்கும் இது பொருந்தும்.

தைத்து உடுத்தும் ஆடைக்குத் தையற்கலைஞர் அளவு நாடாவால் உடலை அளந்தார். அவ்வளவுக்கு ஏற்பத் துணியை வெட்டினார். தோள் அகன்றிருந்தால் துணியை அகலமாக வெட்டினாரேயன்றி, தோள் தவறானது என்று அவர் கூறியதில்லை.

அளவு எண் பிறந்த வரலாறு

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையால் ஒவ்வொருவரையும் அளக்க இயலாது. எனவே, மக்களுள் ஒரு பகுதியினரை அளந்து, சராசரி கண்டு, சிறியது, நடுத்தரமானது, பெரியது எனப் பகுக்கும் முறை தோன்றியது. அமெரிக்காவில் 1939-40ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடல் அளவுகள் எடுக்கப்பட்டன. ஆயினும், வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே முடிவில் கணக்கில் கொள்ளப்பட்டன. அவ்வாய்வின் அடிப்படையில் 1958ஆம் ஆண்டில் அந்நாட்டின் பெண்களுக்கான ஆடை அளவுத் தரம் வெளியானது. நாடு முழுமைக்கும் உரியதாக விளங்கிய அத்தரம் ஒரு பிரிவினரின் உடலையே அடிப்படையாகக் கொண்டிருந்தது.

இந்தியாவில் விற்கப்படும் ஆயத்த ஆடைகள் நெடுங்காலமாக அயல்நாட்டு அளவு அட்டவணைகளைச் சிறிது மாற்றியே தைக்கப்பட்டு வந்தன. இக்குறையைப் போக்கும் பொருட்டு, நடுவண் அரசின் ஜவுளித்துறை அமைச்சகத்தின் ஆதரவுடன் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 'இந்தியாசைஸ்' என்னும் திட்டத்தை மேற்கொண்டது. கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண வருடிக் கருவியால் அளப்பது இதன் நோக்கம்.

கடையில் எடுத்த சட்டை ஒருவருக்குப் பொருந்தவில்லையெனில், பெரும்பாலும் அவருடைய உடலைப் போன்ற உடல் அந்த அட்டவணையில் இடம்பெறவில்லை என்பதே காரணம். குறை அட்டவணையினுடையது, உடலினுடையது அன்று.

மேடையில் நிகழ்ந்தவை

புதிய ஆடைகளை மேடையில் அணிந்து காட்டுவோர் 'மாடல்கள்' எனப்படுகின்றனர். வடிவமைப்பாளர் தம் புதிய ஆடைகளின் மாதிரிகளைப் பெரும்பாலும் ஒரே அளவில் தைக்கிறார். அம்மாதிரிக்குள் பொருந்துபவருக்கே வாய்ப்புக் கிடைக்கும். மாதிரி அளவு சிறிதாகும்போது, அணிபவரும் இளைக்க வேண்டியவராகிறார். தையற்கலைஞரின் முறை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இதன் விளைவு 2006ஆம் ஆண்டில் உலகை அதிரச் செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் உருகுவே நாட்டைச் சேர்ந்த லூயிசெல் ராமோஸ் என்னும் 22 வயது மாடல், ஆடை அணிவகுப்பில் பங்கேற்ற வேளையில் இதயம் செயலிழந்து இறந்தார். நவம்பரில் பிரேசில் நாட்டின் அனா கரோலினா ரெஸ்டன், 'அனோரெக்சியா' எனப்படும் உணவு மறுப்பு நோயின் விளைவுகளால் 21 வயதில் உயிரிழந்தார்.

இம்மரணங்களுக்கு இடைப்பட்ட செப்டம்பரில், மாட்ரிட் ஆடை அணிவகுப்பு உடல் நிறைக் குறியெண் 18க்குக் குறைந்தவர்களை மேடையேற்ற மறுத்தது. இசுரேல் 2012ஆம் ஆண்டில், மாடல்களின் குறியெண் 18.5க்குக் குறையலாகாது எனச் சட்டம் இயற்றியது. பிரான்சு நாட்டில் 2017 முதல் மாடல்கள் மருத்துவச் சான்று பெறுவது கட்டாயமாயிற்று. உடலை மெலிதாகவோ பருமனாகவோ காட்டத் திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில், அவை திருத்தப்பட்டவை என்று குறிப்பிட வேண்டும் என்பதும் அங்குச் சட்டமாயிற்று. நாம் காணும் படங்கள் பலவற்றில் உள்ள இடையும் தோளும் கணினியால் செதுக்கப்பட்டவை என்பதை இச்சட்டமே உணர்த்துகிறது. படத்திலுள்ளவருக்கே இல்லாத உடலை நாம் அடைய முயல்வது எங்ஙனம் முறையாகும்?

குறியெண் உணர்த்துவது யாது?

கிலோகிராமில் கணக்கிட்ட எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். 1.60 மீட்டர் உயரமும் 50 கிலோகிராம் எடையும் உடையவரின் குறியெண் ஏறத்தாழ 19.5 ஆகும். வயது வந்தோருக்கு 18.5 முதல் 24.9 வரை இயல்பான அளவு என உலக நலவாழ்வு அமைப்பு வகுத்துள்ளது. ஆசிய மக்களுக்கு 23ஐக் கடந்தாலே நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பு மிகக்கூடும்.

இக்கணக்கீட்டை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் அடோல்ப் குவெட்லெட். சராசரி மனிதரின் இயல்புகளை ஆராய்வதே அவர் நோக்கம். தனியொருவரின் நலத்தை மதிப்பிடுவதன்று. தசையையும் கொழுப்பையும் இக்குறியெண் பிரித்தறியாது. மேலும், வளரிளம் பருவத்தினருக்கு வயது வந்தோரின் எல்லைகள் பொருந்தா. வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய தனி அட்டவணைகளைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார்.

தெரிந்து தெளிவோம்

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்தோர், 40.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தோர்; 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். மெலிவு நலத்தின் அடையாளமன்று. பருமன் ஊட்டத்தின் அடையாளமுமன்று என்பதை இவ்வெண்கள் தெளிவுறுத்துகின்றன.

கண்ணாடியும் மனமும்

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவில் பருத்த உடலே அழகாகவும் வளமாகவும் மதிக்கப்பட்டது. அங்கு ஒரு பகுதிக்கு 1995ஆம் ஆண்டில்தான் தொலைக்காட்சி வந்தது. மூன்றாண்டுகளுக்குப்பின் ஆன் பெக்கர் என்னும் அறிஞர் பள்ளி மாணவியரிடம் ஆய்வு செய்தார். அதுவரை அங்கு இல்லாத, எடை குறைப்பதற்கான தீங்கான பழக்கத்தை மாணவியருள் 11.3 விழுக்காட்டினர் கைக்கொண்டிருந்தனர். அழகு பற்றிய எண்ணம் புறத்திலிருந்து புகுத்தப்படுவது என்பதற்கு இது தக்க சான்றாகும். மாணவரும் இதற்கு விலக்கல்லர். திரைநாயகரின் தசைக்கட்டை விரும்பி, மருத்துவ அறிவுரையின்றி ஊட்டப்பொடிகளை உட்கொள்வோர் உளர்.

உணவை அடிக்கடித் தவிர்த்தல், பிறர்முன் உண்ணத் தயங்குதல், ஓயாது எடை பார்த்தல், மயக்கம், மாதவிடாய் தடைப்படுதல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். இவற்றை உங்களிடமோ தோழர்களிடமோ கண்டால் பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோருள் ஒருவரிடம் தயங்காது கூறுங்கள். 'டெலி மனஸ்' என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. உருவத்தைச் சுட்டி நாம் வைக்கும் பட்டப்பெயர், வேடிக்கையாகத் தொடங்கி ஒருவரின் உணவுத்தட்டை வெறுமையாக்கிவிடக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்வோம்.

உடலின் பெருமை

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலையின் 365 படிகளில் காவடி சுமந்து ஏறுவோரைக் காணுங்கள். நெட்டையர், குட்டையர், மெலிந்தோர், பருத்தோர், முதியோர், சிறுவர் என எல்லாரும் அவரவர் ஆற்றலுக்கேற்ப ஏறுகின்றனர். திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் உணவின் அளவைப் பேசுகிறதேயன்றி, இடையின் அளவைப் பேசவில்லை. வேளைக்கு உணவு, போதிய உறக்கம், நாள்தோறும் விளையாட்டு ஆகியவையே உடலுக்கு நாம் செய்யும் சிறப்பு. இவற்றைப் பெற்ற உடல் எவ்வளவில் அமைகின்றதோ, அவ்வளவே அதற்குரிய அளவு. அதற்கேற்ற ஆடையை நெய்யவும் தைக்கவும் நம்மிடையே கலைஞர்கள் உள்ளனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதித் தையற்கலைஞரிடம் உரையாடி, ஆடை தைக்க எடுக்கப்படும் அளவுகளையும் அவற்றிற்கு வழங்கும் பெயர்களையும் தொகுத்து எழுதுக.
2. நாளிதழ் விளம்பரங்கள் ஐந்தினைத் திரட்டி, அவற்றில் காட்டப்படும் உடலமைப்புகள் உங்கள் ஊர் மக்களின் உடலமைப்பை எந்த அளவுக்குப் பிரதிபலிக்கின்றன என்பதைப் பற்றி வகுப்பறையில் கலந்துரையாடுக.