ஊரில் இருந்த வீடு

காவிரிப் படுகையின் பழைய ஓட்டு வீடுகள் தனித்தனியே நிற்பவை அல்ல. கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத் தெருக்களில் பக்கச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. கூரையும் ஒன்றோடொன்று ஒட்டியே போகும். வாசலில் திண்ணை. உள்ளே நுழைந்ததும் சற்று இருட்டான ரேழி. அதைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம், சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், காமரா உள். பிறகு சமையலுள், கிணற்றடி, மாட்டுக் கொட்டில், கொல்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்காலோ வயலோ. அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசற்படியில் நின்றால் கொல்லை வரை பார்வை போகும்படி நிலைகள் ஒரே நேரில் இருக்கும். அக்கிரகாரமாக இருந்தால் தெருவின் மேற்குக் கோடியில் பெருமாள் கோயிலும் வடகிழக்கில் சிவன் கோயிலும் இருப்பது வழக்கம்.

வீடு முழுக்க நெல்லுக்காகக் கட்டியது. களத்திலிருந்து வரும் நெல்லைக் கொட்டி வைக்க மரப் பத்தாயம், வசதி குறைந்த வீடுகளில் மண் குதிர். புழுக்கிய நெல்லை உலர்த்த முற்றம். குத்தகைக் கணக்குப் பேசத் திண்ணை. ஆட்கள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போன பிறகும் நெல் வந்துகொண்டிருந்த வரையில் இந்த வீடுகள் நின்றன. இன்று பழைய வீட்டைத் தேடி வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு விளக்கம் அந்த நெல்லின் வரலாற்றில்தான் இருக்கிறது.

வெளியேற்றம் ஒரே நாளில் நடந்ததில்லை. கும்பகோணத்தில் பின்னாளில் அரசுக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி 1854-ல் தொடங்கியது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை ரயில் வந்தது. இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் குமாஸ்தாவாகவும் வக்கீலாகவும் சென்னைக்கும், பிறகு பம்பாய்க்கும் டெல்லிக்கும் போனார்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து கடல் கடந்து போனவர்களும் பலர்; நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கதை அந்த ஊர்களின் வீட்டுக்கு வீடு உண்டு.

பிறகு வந்தவை நிலச் சட்டங்கள். 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1956-ல் நியாய வாரச் சட்டம். 1961-ல் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு, 1970-ல் அது 15. உழுகிறவன் பக்கம் நின்ற இந்தச் சட்டங்கள் தேவையானவையே. ஆனால் வெளியூரில் இருந்துகொண்டு குத்தகை நெல்லை எதிர்பார்த்த குடும்பங்களுக்கு, நிலத்தை விற்றுவிடுவது மேல் என்று தோன்றியதும் இவற்றால்தான். சமூகவியலாளர் ஆந்த்ரே பெதெய் 1961-62-ல் திருவையாற்றுக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். நூலில் அதற்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் கொடுத்தார். அக்கிரகார வீடுகள் கைமாறி மற்ற சாதியினர் குடியேறத் தொடங்கியிருந்ததை அப்போதே பதிவு செய்தார். 1950-களின் தொடக்கத்தில் ‘கும்பாபேட்டை’ என்று பெயர் மாற்றிச் சொன்ன ஒரு கிராமத்தில் ஆய்வு செய்த கேத்லீன் கஃப், 1976-ல் அங்கே திரும்பி வந்து, என்னென்ன மாறிற்று என்பதையே தனி நூலாக எழுதினார்.

பூட்டிய வீடு எப்படி அழிகிறது என்பதை வரிசையாகச் சொல்ல முடியும். அரைவட்டமான நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்ததே தவிர, ஆணி அடித்ததல்ல. பூனை ஓடினாலும் குரங்கு தாவினாலும் நகர்ந்துவிடும். அதனால் மழைக்கு முன் ஆள் ஏற்றி, ஓட்டைப் பிரித்து, அடியில் தங்கிய சருகைக் கூட்டித் தள்ளி, உடைந்ததை மாற்றி மறுபடி வேய்வார்கள். ஓடு மாற்றுவது என்று இதற்குப் பெயர். இரண்டு மூன்று வருடம் இதை விட்டுவிட்டால் ஒரு மூலையில் ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் ரீப்பர் உளுத்துப்போகும். ரீப்பர் போனால் ஓடு உள்ளே விழும். திறந்த இடத்தின் வழியே ஐப்பசி மழை நேரே சுவரின் தலையில் இறங்கும். உள்ளே மண்சாந்து வைத்துக் கட்டி வெளியே சுண்ணாம்பு பூசிய சுவர் அதைத் தாங்காது. இதற்குள் விரிசலில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கும். சுவர் பொது என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது தலைவலி; பூட்டிய வீட்டைப் பற்றி முதலில் புகார் சொல்பவர் அவராகவே இருப்பார். கதவு, நிலை, தூண், ஊஞ்சல் பலகை எல்லாம் வீடு விழுவதற்கு முன்பே விலைபோய்விடுவது உண்டு. அப்படிப் போனவற்றைக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம்.

பழுதுபார்க்கவும் விற்கவும் முடியாமல் பல வீடுகள் நிற்பதற்குக் காரணம் பத்திரம். கிராம நத்தத்தில் உள்ள வீடு பல இடங்களில் இன்னமும் தாத்தா பெயரிலோ அவர் தகப்பனார் பெயரிலோ இருக்கும். விற்பதானால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. 2005-ல் அதுவே நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்ட நியாயம் அது. நடைமுறையில், நான்கு கையெழுத்து போதுமென்றிருந்த பத்திரத்துக்கு இப்போது பதினான்கு தேவைப்படலாம். ஒருவர் மும்பையில், ஒருவர் நியூஜெர்சியில். பவர் பத்திரம் எழுதி வாங்குவதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடுகிறது.

விற்ற வீடுகளின் கதை வேறு. விற்றுவிட்டோமே என்று வருந்தாத குடும்பம் குறைவு. ஆனால் அந்தத் தெருக்களைச் சுற்றி வந்தால் தெரிவது, காப்பாற்றப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை விற்கப்பட்டவையே என்பதுதான். அடுப்பு எரிகிற வீட்டுக்கு ஓடு மாற்ற ஆள் இருக்கிறது. “இது எங்க தாத்தா இருந்த வீடு” என்று வாசலில் வந்து நிற்பவரை, “உள்ள வந்து பாருங்க” என்று அழைக்காத வீட்டுக்காரர்களும் அபூர்வம். முற்றத்துக்கு மேலே கம்பி வலையோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டிருப்பார்கள். ரேழியில் மோட்டார் சைக்கிள் நிற்கும். கிணற்றை மூடி மோட்டார் வைத்திருப்பார்கள். வந்தவர் கண் தேடுவது பெரிதாக எதையும் அல்ல: கூடத்து உத்திரத்தில் ஊஞ்சல் மாட்டிய இரும்பு வளையம் இருக்கிறதா, விளக்கு மாடத்தின் எண்ணெய்க் கறை இருக்கிறதா. வளையம் பெரும்பாலும் இருக்கும். அதைக் கழற்றுவது சுலபமில்லை.

இப்படி வருவதற்குக் காலம் உண்டு. வீட்டைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் சிலர்தான். குலதெய்வ வழிபாடு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம், திருக்கடையூரில் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் என்று ஒரு காரணத்தின் பேரில் வந்து, அப்படியே வீட்டையும் பார்த்துப் போவார்கள். பழைய கடிதத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருக்கும் முகவரி இன்று வேறு மாவட்டமாக இருக்கலாம். நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும் பிரிந்தவை. ஊரைக் கண்டுபிடிக்கக் கோயில்தான் அடையாளம். நிலமும் வீடும் போன பிறகு குடும்பத்துக்கு ஊரோடு மிஞ்சுகிற தொடர்பும் அதுதான். மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரம் இதற்கு உலகறிந்த சான்று. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. 2020-ல் பத்திரிகையாளர்கள் தேடிப் போனபோது குடும்பத்தின் வீடு இருந்த இடம் வெறும் மனையாகக் கிடந்தது. ஆனால் தர்ம சாஸ்தா கோயிலின் நன்கொடையாளர் கல்வெட்டில் தாத்தாவின் பெயரும் இருந்தது, பேத்தியின் பெயரும் இருந்தது.

நினைவில்லமாகிப் பிழைத்த வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிச் செப்பனிட்டது. 2003-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் கட்டிலும், பின்னால் கிணறும் இருக்கின்றன. ராமானுஜன் 32 வயதில் மறைந்ததால், 32 வயதுக்கு மேற்படாத கணிதவியலாளருக்கு 2005 முதல் கும்பகோணத்தில் பரிசு தருகிறார்கள். திருவையாறு திருமஞ்சன வீதியில் இசை மேதை தியாகராஜர் வாழ்ந்த வீட்டின் நிலை இப்படியில்லை. பழைய கட்டடத்தை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டிவிட்டார்கள். போற்றுவதற்காகவே செய்தார்கள் என்றாலும், அவர் நடந்த தரை இப்போது அங்கே இல்லை.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் 1855-ல் பிறந்த உ.வே. சாமிநாதையரின் சொந்த ஊர். அரசு அங்கே நினைவில்லம் வைத்திருக்கிறது. தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசியன்று மறதியாகத் தாம்பூலம் போட்டுக்கொண்டதற்குப் பரிகாரமாக 48 வீடுகள் கட்டி, இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு வெட்டித் தானம் கொடுத்த ஊர் என்று, ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதிய ‘என் சரித்திரம்’ தொடரில் அவர் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில் தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கியவர், தம்மைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஊரைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் சென்னைத் திருவல்லிக்கேணியில், சுவடிகளோடு அவர் பல்லாண்டு வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012-ல் இடிபட்டது. சங்க இலக்கியம் அச்சேறக் காரணமான மனிதரின் வீட்டுக்கே இந்தக் கதி என்றால், மற்ற வீடுகளை அளந்து வரைபடமாகவாவது வைத்துக்கொள்ள வேண்டிய அவசரம் புரியும். ஊரிலுள்ள ஒரு பொறியியல் மாணவன் ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய வேலைதான் இது.

படுகையில் ஏராளமானோருக்கு இப்படிப்பட்ட வீடே கிடையாது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். பண்ணையில் உழைத்த குடும்பங்களின் கீற்றுக் குடிசை மிராசுதாரின் மனையில் இருந்தது. கூலியில் தகராறு வந்தால் குடிசையும் போய்விடும். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டது அப்படி ஒரு குடிசைக்குள்தான். 1971-ல் வந்த குடியிருப்பு மனைச் சட்டம், குடியிருந்த மனையை அதில் இருந்தவர்களுக்கே உரிமையாக்கியது. அக்கிரகாரத்தில் பூட்டு விழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சேரித் தெருவில் முதல் பட்டா வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கீற்றும் ஓடும் ஒருசேரப் பறந்தன. பல மனைகளில் கான்கிரீட் வீடு எழுந்தது அதன் பிறகே. அந்தத் தெருப் பிள்ளைகளும் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு அவர்கள் திரும்பி வரும் வீட்டின் பட்டாவில் தாத்தாவின் பெயரோ பாட்டியின் பெயரோ இருக்கிறது.