72 வயதில் தூண்டில் போட்டு ஜெயித்த ரிக் கிளன்!

மீன் பிடிப்பதற்காக யாராவது கம்ப்யூட்டர் வேலையை விடுவார்களா? 1970-களிலேயே விட்டவர் அமெரிக்காவின் ரிக் கிளன்.

டெக்சாஸைச் சேர்ந்த இவர், எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தவர். 'பாஸ்' எனும் நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கும் பரிசுப் போட்டிகள் அப்போதுதான் அங்கே தலையெடுத்திருந்தன. அதை நம்பி மாதச் சம்பளத்தை உதறுவதென்றால் சும்மாவா?

இப்போதைய விதி எளிது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து மீன்கள்தான் கணக்கு. மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்கே பரிசு. எடை போட்டதும் மீன்களை உயிரோடு தண்ணீரில் விட்டுவிடுவார்கள். (குழம்பு வைக்க மாட்டார்களா என்று கேட்காதீர்கள்!)

'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' என்பது இந்த விளையாட்டின் உலகக் கோப்பை மாதிரி. 1976, 1977, 1984, 1990 என நான்கு முறை அதை வென்றார் கிளன். 1990-ல் கடைசி நாளன்று 10-வது இடத்திலிருந்து மேலேறி வந்து ஜெயித்தார்.

பிறகு இளைஞர்கள் வந்தார்கள். ஜெயிப்பது அரிதானது. ஆனாலும், படகை விட்டு அவர் இறங்கவில்லை. 2016-ல் ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் நதியில் நடந்த எலைட் தொடர் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 69. அந்தத் தொடரில் அதிக வயதில் வென்றவர் என்ற சாதனை அது.

2019-ல் அதே நதிக்குத் திரும்பி வந்தார். வயது 72. நான்கு நாள்களில் சுமார் 45 கிலோ மீன் பிடித்து, தன் சாதனையைத் தானே முறியடித்தார். கடைசி நாளில் பிடித்த ஐந்து மீன்கள் மட்டுமே கிட்டத்தட்ட 16 கிலோ!