பன்னாட்டு உறவுப் பணிகள்: திருவள்ளூர் மாவட்ட மாணவர்களுக்கான வழிகள்

ஒரு நாடு பிற நாடுகளுடனும் பன்னாட்டு அமைப்புகளுடனும் கொள்ளும் அரசியல், வணிக, மனிதநேயத் தொடர்புகளைக் கையாளும் வேலைகள் பன்னாட்டு உறவுப் பணிகள் எனப்படும். தூதரகப் பணி இவற்றுள் ஒன்று மட்டுமே. இத்துறை தில்லியில் படிப்பவர்களுக்கே உரியது என்று கருதிவிட வேண்டியதில்லை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அதன் பாடங்கள் பல கண்முன்னே உள்ளன.

முன்னோடி

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். அவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் பயின்ற அவர், யுனெஸ்கோவில் இந்தியாவின் பிரதிநிதியாகவும், 1949 முதல் 1952 வரை சோவியத் ஒன்றியத்தில் இந்தியத் தூதராகவும் பணியாற்றினார். அரசியல் படித்தவர்களுக்கு மட்டுமே இத்துறை உரியதன்று என்பதற்கு அவர் சான்று.

தேர்வு வழி

இந்திய வெளியுறவுப் பணிக்கு யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் வழியே ஆள் எடுக்கப்படுகிறது. எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு வயது 21 முதல் 32 வரை. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். முதன்மைத் தேர்வின் பெரும்பாலான தாள்களையும் நேர்முகத் தேர்வையும் தமிழில் எதிர்கொள்ளலாம். பொது அறிவு இரண்டாம் தாளில் பன்னாட்டு உறவுகள் ஒரு பகுதி. தேர்வானவர்கள் முசோரியில் அடிப்படைப் பயிற்சியும், தில்லியிலுள்ள சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் சிறப்புப் பயிற்சியும் பெற்று, ஓர் அயல்மொழியும் கற்கின்றனர்.

ஆலைகளும் துறைமுகங்களும்

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும், மாவட்டக் கடற்கரையில் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் உள்ளன. தென்கொரியாவுடன் 2010 முதலும் ஜப்பானுடன் 2011 முதலும் இந்தியாவுக்குப் பொருளாதாரக் கூட்டு உடன்பாடுகள் நடைமுறையில் உள்ளன. உடன்பாட்டின்படி சுங்கவரிச் சலுகை பெற, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் தேவை. ஏற்றுமதிப் பிரிவில் இந்த ஆவணத்தைக் கையாளப் பழகும் மாணவர், பன்னாட்டு உடன்பாடு ஒரு தொழிற்சாலையின் செலவை எப்படி மாற்றுகிறது என்பதை நேரில் அறிகிறார். வணிக ஆலோசனை, சரக்குப் போக்குவரத்து, தூதரகங்களின் வணிகப் பிரிவு ஆகியவற்றில் இவ்வறிவு பயன்படும்.

மறுவாழ்வு முகாம்

இலங்கைப் போரினால் இடம்பெயர்ந்தோர் வாழும் பெரிய முகாம்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. வெளியுறவுப் பணியில் சேர இந்தியக் குடியுரிமை கட்டாயம். எனவே இந்திய மண்ணிலேயே பிறந்து பட்டம் பெற்றிருந்தாலும், குடியுரிமை இல்லாத முகாம் இளைஞருக்கு அந்த வாயில் மூடியே இருக்கிறது. அதே கல்லூரியில் அவருடன் படித்த நண்பருக்கு அது திறந்திருக்கிறது. பன்னாட்டுச் சட்டம் தனிமனித வாழ்வை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் அரிது.

கல்லூரிக் காலத்தில் செய்யத்தக்கவை

• நாள்தோறும் ஆங்கில நாளிதழின் வெளிநாட்டுச் செய்திகளைப் படித்து, தமிழில் சுருக்கி எழுதிப் பழகுதல். இதனால் இரு மொழியிலும் கை தேறும்.
• ஓர் அயல்மொழி கற்றல். சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சும், கோத்தே நிறுவனம் ஜெர்மனும், ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை ஜப்பானியமும், இன்கோ மையம் கொரியமும் கற்பிக்கின்றன.
• மேற்படிப்பைத் திட்டமிடுதல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு, உத்திசார் ஆய்வுத் துறை, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் அரசியல், பன்னாட்டு ஆய்வுத் துறை, தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி ஆகியவை குறிப்பிடத்தக்கவை.
• விடுமுறையில் ஏற்றுமதி நிறுவனத்திலோ அகதிகள் நலத் தொண்டு அமைப்பிலோ பயிற்சி பெறுதல்.

முதல் ஆண்டிலேயே மொழிப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. மற்றவற்றைப் பிறகு விரைந்து கற்கலாம். மொழிக்கு ஆண்டுகள் வேண்டும்.