பறையும் பறையறைவோரும்

ஓர் ஊரின் வாழ்வைச் செவியால் அறிய விரும்புவோர் அவ்வூர்ப் பறையைக் கேட்டல் வேண்டும். பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் வழியிலே, முந்திரித் தோப்புக்களிடையே அமைந்த காடாம்புலியூர் போன்ற ஊர்களில், திருவிழா வந்ததையும் ஒருவர் மறைந்ததையும் நெடுந்தொலைவு உணர்த்த வல்லது அவ்வொலியே. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்பதே பொருள். அச்சுப்பொறி தோன்றாத காலத்தில் அரசாணையும் ஊர்ச்செய்தியும் பறைவாயிலாகவே பொதுமக்களை எட்டின.

தொல்காப்பியனார் ஐவகை நிலத்துக் கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையும், நெய்தலுக்கு மீன்கோட்பறையும் உரியன என்பர் உரைகாரர். ஆதலின், வேட்டுவர், ஆயர், உழவர், பரதவர் ஆகிய எல்லார்க்கும் பறை பொதுவாயிருந்தமை புலனாகும்.

இக்கருவியின் அமைப்பு எளியது. மரச்சட்டங்களை இணைத்த வளையத்தின் ஒருபுறத்தே தோல் போர்க்கப்படும். முழக்குமுன் அதனைத் தீயிற் காய்ச்சுவர். தோலிலுள்ள ஈரம் நீங்க, அஃது இறுகி ஓசை உயரும். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும், மற்றொரு கையில் குறுகித் தடித்த குச்சியும் கொண்டு அறைவர்.

காடாம்புலியூருக்குத் தெற்கே உள்ள சிதம்பரத்தில், கூத்தப்பெருமான் திருக்கரத்து உடுக்கை படைத்தற்றொழிலைக் குறிக்கும் என்பர் சைவர். அத்தில்லையைக் காண ஏங்கியவர் ஆதனூர் நந்தனார். அவர் சிவாலயப் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் அளித்து வந்தார் எனச் சேக்கிழார் கூறுகின்றார். தோல் உள்ளே சென்றது. அதனைக் கொடுத்தவரோ புறத்தே நின்றார்! பறையின் பெயரால் வழங்கிய மக்கட்பெயரே, விலக்கப்பட்டோன் என்னும் பொருளில் ஆங்கில அகராதியிலும் ஏறியது. 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் ஆலயக் கதவுகளைத் திறந்தது. எனினும், சாவுப்பறை அறைதலை ஒரு குலத்தார்மேற் சுமத்தும் வழக்கம் அதனோடு ஒழிந்ததில்லை.

இதனாற் சிலர், இஃது அடிமைத்தனத்தின் அடையாளம் எனப் பறையைக் கீழே வைத்தனர். வேறு சிலர், இஃது எம் முன்னோர் கலை என அதனை அரங்கேற்றினர். அவருள் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. இருதிறத்தாரும் வேண்டுவது ஒன்றே: அறைவதும் விடுப்பதும் தம் விருப்பாதல் வேண்டும் என்பது.

கல்லூரி விழாக்களில் பறைமுழக்கங் கேட்டு நாம் கைகொட்டி மகிழ்கின்றோம். விழா முடிந்தபின் அக்கலைஞரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் ஊர்களாக நம் ஊர்கள் மாறுமாயின், அன்றே நாம் பறையை மெய்யாகக் கேட்டவராவோம்.