மீண்டும் ஒரு கார் வாங்குமுன்

விராலிமலை வழியே செல்லும் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையில் விபத்துக்குள்ளாகி எங்களிடம் சிகிச்சை பெற்றவர்கள், எலும்பு கூடி மறுபரிசோதனைக்கு வரும் நாள்களில் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர்: "இனி எந்தக் கார் வாங்கினால் பயமில்லை?" மருத்துவமனையில் கேட்கத் தகுந்த கேள்வியா இது என்று சிலர் தயங்குவதும் உண்டு. தகுந்த கேள்விதான். எந்தக் காயம் எதனால் நேர்ந்தது என்பதை நாள்தோறும் காண்பவர்கள் நாங்கள். இன்ன கம்பெனியின் கார் என்று பரிந்துரைப்பது எங்கள் வேலையன்று. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்வது எங்கள் வேலையே.

இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐவர் அமரும் காரில் எழுவர் பயணம் செய்திருந்தனர். ஓட்டிய மகன் சீட் பெல்ட் அணிந்திருந்தார். அவருக்கு நேர் பின்னால் அவருடைய தாயார், பெல்ட் இன்றி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். சாலையோரம் நின்ற லாரியின் பின்புறத்தில் கார் மோதியது. தாயாருக்குத் தொடையெலும்பு முறிந்தது. குழந்தைக்கு முகத்தில் தையல். மகனுக்கு விலாவெலும்புகள் முறிந்ததற்கு லாரி மட்டும் காரணமன்று. பின்னாலிருந்து தாயாரின் உடல் வந்து இருக்கையோடு அவரை நசுக்கியதும் காரணம். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நாங்களே சிறிது யோசித்தோம். அடுத்த வண்டியைப் பற்றி அவர் பேசத் தொடங்கியபோது சொன்னோம். அவர் கேட்டதெல்லாம் "நல்ல பெரிய வண்டி" என்பதுதான்.

பெரிய வண்டி என்ற எண்ணம் முழுத் தவறன்று. இரு கார்கள் நேருக்கு நேர் மோதும்போது கனமான காரில் இருப்பவர்களுக்கு அனுகூலம் உண்டு. ஆனால் நின்ற லாரி, புளியமரம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றில் மோதும்போது வண்டியின் கனம் அவ்வளவாகத் துணை நிற்காது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்று சுவரில் மோதுவது, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடி மேலிருந்து விழுவதற்கு ஒப்பானது. வண்டி நின்றுவிடும், உள்ளே கட்டப்படாத உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில், டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின்னிருக்கையில் இருந்தவரும் உயிரிழந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவரும் காயங்களுடன் பிழைத்தனர். கார் விலையுயர்ந்தது, பின்னிருக்கையில் இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை.

ஆகவே ஷோரூமுக்குச் சென்றால் முதலில் பின்கதவைத் திறந்து அமருங்கள். எத்தனை பேருக்கு பெல்ட் இருக்கிறது என்று எண்ணுங்கள். நடு இருக்கைக்கும் தோள் வழியாக வரும் மும்முனை பெல்ட் உண்டா என்று பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் நடுவில் அமர்பவருக்கு இடுப்பைச் சுற்றும் பட்டை மட்டுமே இருக்கும். மோதலில் அது வயிற்றில் ஏறி அழுத்திக் குடலைக் கிழிப்பதும் முதுகெலும்பை முறிப்பதும் உண்டு. தலைசாய்ப்பான் தலையின் உச்சி வரை உயர்கிறதா என்பதையும் பாருங்கள். கழுத்துக் காயத்திலிருந்து காப்பது அதுவே. இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி தட்டுப்படும். கைக்குழந்தையின் இருக்கை பின்னோக்கியே இருக்க வேண்டும். ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. வீட்டில் எழுவர் இருந்தால் எழுவருக்கும் பெல்ட் உள்ள வண்டி வேண்டும், இல்லையேல் இருமுறை சென்று வர வேண்டும். மூன்றாவது வழி இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்து நட்சத்திரங்கள். பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனைத் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. முன்புற மோதல் மணிக்கு 64 கி.மீ. வேகத்திலும் பக்கவாட்டு மோதல் 50 கி.மீ. வேகத்திலும் சோதிக்கப்படுகின்றன. பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என இரு மதிப்பீடுகள் தரப்படும். விளம்பரத்தில் முதலாவது மட்டுமே பெரிதாக இருக்கலாம். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். ஏர்பேக்கின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்கள் ஐந்தைச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத ஐந்தும் பூச்சியம் பெற்றன. அவற்றுள் ஃபோக்ஸ்வாகன் போலோவை இரு ஏர்பேக்குகளுடன் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதன் உடற்கூடு மோதலைத் தாங்கியதால்தான் அது இயன்றது. வேறு மூன்று கார்களில் கூடே நசுங்கிவிட்டதால் ஏர்பேக் பொருத்தினாலும் பயன் குறைவே என்று அந்த அமைப்பு கூறியது. முதலில் கூடு, பிறகு பெல்ட், அதற்குப் பிறகே ஏர்பேக்.

புதிய காருக்குப் பணம் போதாது என்பதே பெரும்பாலான வீடுகளின் நிலை. சிகிச்சைச் செலவுக்குப் பின் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? பழைய கார் வாங்குவதில் இழிவு ஏதுமில்லை, கவனம் வேண்டும். பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைக் கடந்தால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதும். அத்தகைய வண்டிகளை மலிவாக எடுத்து, தட்டிப் பெயின்ட் அடித்து விற்பவர்களும் சந்தையில் இருக்கின்றனர். உங்களுடைய பழைய கார் எப்படிப் போயிற்றோ அப்படிப் போன ஒரு காரே வேறு நிறத்தில் உங்கள் முன் நிற்கலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் ஐயத்துக்குரியது. பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்து, நூல் பிரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு பொருத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள். அது ஏர்பேக் விரிவதைக் குலைக்கக்கூடும்.

தேறிவரும் உடலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இடுப்பு அல்லது தொடையில் அறுவை செய்துகொண்டவர் அமரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது என்று கூறியிருப்போம். தாழ்ந்த இருக்கையில் அது இயலாது. மிக உயர்ந்த வண்டியில் ஏறுவதே இயலாது. முதுகைக் காட்டி இருக்கையில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பும் அளவுக்குக் கதவு விரிய வேண்டும். ஆகவே நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வண்டி பார்க்கச் செல்ல வேண்டாம். வயிற்றில் தையல் இருக்கிறதே என்று பெல்ட்டைத் தவிர்க்கவும் வேண்டாம். மெல்லிய துண்டை இடையில் வைத்து, பட்டை இடுப்பெலும்பின் மேல் படியுமாறு அணிவிக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

இலுப்பூர்க் குடும்பம் இன்னும் கார் வாங்கவில்லை. தாயாரைப் பிசியோதெரபிக்கு உறவினர் ஒருவரின் காரில் அழைத்து வருகின்றனர். முதல் நாள் வந்தபோது அதன் பின்னிருக்கை பெல்ட்டுகளின் பூட்டுகள் புதிய சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. மகன் எங்கள் வாசலிலேயே கத்தரிக்கோல் வாங்கிக் கவரை வெட்டி, பூட்டுகளை வெளியே எடுத்தார். தாயாருக்கு பெல்ட்டை மாட்டிவிட்டது பேரன்.