கட்டில் வாங்கப் போகிறீர்களா?

பெண்ணைப் பார்க்காமலே தாலி கட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில்கூடக் கட்டிலைப் பார்க்காமல் எவரும் வாங்கியதில்லை. இப்போது எல்லாம் தலைகீழ்! பெண்ணைப் பத்துத் தடவை பார்க்கிறோம், பேசுகிறோம், பிறகும் யோசிக்கிறோம். கட்டிலையோ, கைப்பேசியில் படத்தைப் பார்த்து ஒரு விரலால் தொட்டு வாங்கிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன், சகோதரிகளே! கட்டில் அல்ல, துணி வைக்கும் அலமாரி. படத்தில் அது அரண்மனையிலிருந்து வந்தது போல் பளபளத்தது. விலையோ கடையில் கேட்டதைவிட நாலாயிரம் ரூபாய் குறைவு. "பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை!" என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஐப்பசி மழை வந்தது. ஜன்னல் வழியே சாரல் அடித்தது. அலமாரியின் அடிப்பலகை, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை!

குற்றத்தில் பாதி என்னுடையது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'பார்ட்டிகிள் போர்டு' என்று போட்டிருந்தது. மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை அது. மேலே மரம் போல் தோன்றும் ஒட்டு. உலர்ந்த அறையில் நன்றாக உழைக்கும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினாலோ ஊதிவிடும். ஊதியது பழையபடி ஆகாது. சாதாரண எம்.டி.எஃப். பலகைக்கும் ஈரம் ஆகாது. பிளைவுட்டில் இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 என்பது ஈரத்தைத் தாங்கும் 'மரைன்' ரகம். இந்த இரண்டு எண்களும் நினைவிருந்தால், கடையிலும் சரி, இணையத்திலும் சரி, உங்களை ஏய்ப்பது சுலபமல்ல.

அடுத்தபடியாக மாமியாருக்குக் கட்டில் வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்காரர். இந்தத் தடவை தெருக்கோடித் தச்சுப் பட்டறைக்கு அவரையே அழைத்துப் போனேன். ஆசாரி விலை பேசவில்லை. "பெரியம்மா, கொஞ்சம் உட்காருங்க" என்று முக்காலியைப் போட்டார். தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்தார். "மெத்தையோடு சேர்த்துப் பதினெட்டு அங்குலம் இருந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்கலாம்" என்றார். எந்தப் படம் இப்படி முழங்காலை அளந்து பார்க்கும்?

அதற்காகக் கடைக்காரர்களெல்லாம் தர்மபுத்திரர்கள் என்று சொல்ல மாட்டேன். பத்து நாளில் தருவதாகச் சொன்ன கட்டில் இருபத்தைந்தாம் நாள்தான் வந்தது. பில் கேட்டேன். "பில் எதுக்கம்மா? நான் எங்கே ஓடிப் போகப் போறேன்?" என்று சிரித்தார். சிரிப்புக்கு மயங்காதீர்கள், பில்லை எழுதி வாங்குங்கள்.

இணையத்திலும் சௌகரியம் இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகும் பெண் இரவு பத்து மணிக்கு மேல்தான் மூச்சு விடுகிறாள். அந்த நேரத்திலும் அங்கே கடை திறந்திருக்கிறது. நாலு விலைகளை ஒப்பிடலாம். பேரம் பேசத் தெரியாதவளுக்கும் அதே விலைதான். ஆனால் ஒரு வேடிக்கை! 2012-ல் இணையத்திலேயே பிறந்த பெப்பர்ஃப்ரை நிறுவனம், பிற்பாடு ஊர் ஊராகக் காட்சிக் கடைகளையும் திறந்தது. தொட்டுப் பார்க்கும் ஆசை நம்மைவிட்டுப் போகவில்லை என்பது வியாபாரிக்கும் தெரிந்துவிட்டது!

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, படத்தில் காட்டியது ஒன்று, வந்தது வேறொன்று என்றால், விற்றவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். இது தெருக்கோடிக் கடைக்கும் பொருந்தும். பில் அதற்குத்தான்!

எங்கே வாங்கினாலும் மாடிப்படி, லிஃப்ட், வாசற்கதவு மூன்றையும் முதலில் அளந்துவிடுங்கள். புத்தக அலமாரி, சின்ன மேஜை போன்றவற்றை இணையத்தில் வாங்கலாம். உடம்பு படுகிற கட்டிலையும் நாற்காலியையும் மட்டும் உட்கார்ந்து பார்த்தே வாங்குங்கள்.

உப்பிய அலமாரி என்னவாயிற்று என்கிறீர்களா? அதே ஆசாரியைத்தான் கூப்பிட்டேன். அடிப்பலகையை அறுத்தெடுத்து வேறு பலகை பொருத்தினார். அவருடைய மகன் உளி பிடிக்கவில்லையாம். இணையத்தில் விற்கும் சாமான்களை வீடு வீடாகப் பொருத்திக் கொடுக்கும் வேலைக்குப் போகிறானாம். "எனக்கப்புறம் பட்டறை இல்லேம்மா" என்றார் சாதாரணமாக. எனக்குத்தான் சுருக்கென்றது. ரிப்பேருக்கு மட்டும் நாம் அவரைத் தேடினால், ஒரு நாள் ரிப்பேருக்கும் அவர் இருக்க மாட்டார்.

"கூலி எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நாலாயிரம் மிச்சம் பிடிச்சீங்களே, அதிலே பார்த்துக் கொடுங்கம்மா!" என்றார் ஆசாரி.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது.